குதிரையேற்றப் பதக்கங்களுக்குப் பின்னால்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2023 செப்டம்பர் 26 அன்று சீனாவின் ஹாங்சோவில் நடந்த ஆசிய விளையாட்டில், குதிரையேற்றத்தின் ஒரு பிரிவான டிரெசாஜில் இந்திய அணி தங்கம் வென்றது. குதிரையேற்றத்தில் 41 ஆண்டுகளுக்குப் பிறகு வந்த தங்கம் அது. அன்று முதல் இந்த விளையாட்டைப் பற்றிப் பலரும் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்துப் பதில் சொல்லியிருக்கிறேன். இந்த விளையாட்டில் தனி ஆளாக யாரும் ஜெயிப்பதில்லை. பதக்கம் வாங்குபவர் ஒரு குதிரைக்கும், சில மனிதர்களுக்கும், பல சமயம் பெயரே வெளியில் வராத சில குதிரைகளுக்கும் கடன்பட்டவர். பதில்களில் அது திரும்பத் திரும்ப வரும்.

ஓடுவதும் தாண்டுவதும் குதிரைதானே? மேலே உட்கார்ந்திருப்பவருக்கு என்ன உழைப்பு?

பெரும்பாலானோர் முதலில் கேட்பது இதைத்தான். நியாயமான கேள்விதான். நன்றாகச் சவாரி செய்பவரைப் பார்த்தால் அவர் ஒன்றுமே செய்யாத மாதிரித்தான் தெரியும். அப்படித் தெரிய வேண்டும் என்பதற்காகத்தான் அத்தனை வருடப் பயிற்சியும்.

ஒலிம்பிக்கில் மூன்று பிரிவுகள் உண்டு. ஷோ ஜம்பிங்கில் தடைகளைத் தட்டிவிடாமல் தாண்ட வேண்டும். டிரெசாஜில் 60 மீட்டர் நீளமும் 20 மீட்டர் அகலமும் உள்ள மணல் களத்தில், வரையறுத்த அசைவுகளைக் குதிரை ஒவ்வொன்றாகச் செய்து காட்ட வேண்டும். ஈவென்டிங் என்பது டிரெசாஜ், கிராஸ் கன்ட்ரி (திறந்த வெளியில் தடைகளைத் தாண்டி ஓடும் நீண்ட ஓட்டம்), ஷோ ஜம்பிங் மூன்றும் சேர்ந்தது. ஒரே குதிரை, ஒரே வீரர்.

டிரெசாஜை எடுத்துக்கொள்வோம். ஒவ்வொரு அசைவுக்கும் நடுவர்கள் 0 முதல் 10 வரை மதிப்பெண் போடுகிறார்கள். வீரர் வாய் திறந்து குதிரைக்கு எதுவும் சொல்லக் கூடாது. உட்காரும் விதம், கெண்டைக்காலின் அழுத்தம், கடிவாள வாரில் விரல்களின் சிறு அசைவு, இவ்வளவுதான் பேச்சு. 500, 600 கிலோ எடையுள்ள ஒரு விலங்கு அந்த மெல்லிய சைகையைக் கேட்டு, புரிந்து, தயக்கமில்லாமல் செய்ய வேண்டும். வயிறும் இடுப்பும் தொடையும் இரும்பாக இருந்தால்தான் கை மென்மையாக இருக்க முடியும். கை கடினமானால் அது நேராகக் குதிரையின் வாயில் வலியாகப் போய்ச் சேரும்.

அப்புறம், ஒரு குதிரை மூன்று, நான்கு வயதில் சவாரிக்குப் பழக ஆரம்பிக்கிறது. டிரெசாஜின் உச்ச நிலைக்கு அது வர இன்னும் ஐந்தாறு ஆண்டுகளாவது ஆகும். அவ்வளவு காலமும் கிட்டத்தட்ட தினமும் யாரோ ஒருவர் அதன் மேல் பொறுமையாக உட்கார்ந்திருக்கிறார்.

ஹாங்சோவில் வென்ற நால்வர் யார்? ஒருவருடைய மதிப்பெண் கணக்கில் சேரவில்லையாமே?

கொல்கத்தாவின் அனுஷ் அகர்வாலா எட்ரோ என்ற குதிரையில் 71.088 சதவீதம். மும்பையின் ஹ்ருதய் விபுல் செடா கெம்எக்ஸ்ப்ரோ எமரால்டில் 69.941. ஜெய்ப்பூரின் திவ்யக்ருதி சிங் அட்ரினலின் ஃபிர்ஃபாடில் 68.176. இந்தூரின் சுதிப்தி ஹஜேலா சின்ஸ்கியில் 66.706. நால்வரில் சிறந்த மூன்று மதிப்பெண்களே அணிக்குச் சேரும். அப்படி வந்த 209.205தான் தங்கம். சீனா 204.882, ஹாங்காங் 204.852.

சுதிப்தியின் மதிப்பெண் கூட்டலில் வரவில்லை என்பது உண்மை. அதனால் அவருடைய தங்கம் இலவசமாக வந்தது என்று சிலர் எழுதியதைப் படித்தபோது எனக்கு மனம் கஷ்டமாக இருந்தது. மற்ற மூவரில் யாருக்காவது அன்று குதிரை மிரண்டிருந்தாலோ, நொண்டியிருந்தாலோ, அணியைத் தாங்கியிருக்கக்கூடியது அவருடைய மதிப்பெண்தான். பின்னால் ஒருவர் இருக்கிறார் என்ற தைரியத்தில்தான் மற்றவர்கள் துணிந்து ஓட்ட முடிகிறது.

ஒரு விவரத்தையும் சொல்லிவிட வேண்டும். ஆசிய விளையாட்டில் டிரெசாஜ் நடந்த நிலை ஒலிம்பிக்கின் கிராண்ட் பிரி நிலைக்குக் கீழே. தங்கத்தின் மதிப்பை இது குறைக்காது; இந்தியா இன்னும் ஏற வேண்டிய உயரம் எவ்வளவு என்பதைக் காட்டுகிறது. சில நாட்கள் கழித்து அனுஷ் தனிநபர் பிரிவில் 73.030 எடுத்து வெண்கலமும் வென்றார்.

41 ஆண்டுகளுக்கு முன் வென்றது யார்?

1982 டெல்லி ஆசிய விளையாட்டு. ஈவென்டிங் தனிநபர் தங்கம் ராணுவத்தைச் சேர்ந்த ரகுபீர் சிங்குக்கு. குதிரையின் பெயர் ஷாஜாதா. ஈவென்டிங் அணித் தங்கமும் இந்தியாவுக்கே. பாயும் குதிரையில் இருந்தபடி ஈட்டியால் கூடாரமுளை பிடுங்கும் போட்டியில் ரூபிந்தர் சிங் பிராருக்கு ஒரு தங்கம். அந்தக் காலத்தில் இந்தியக் குதிரையேற்றம் என்றால் பெரும்பாலும் ராணுவக் குதிரைப்படைதான்.

இந்திய வீரர்கள் ஏன் ஐரோப்பாவிலேயே போய் இருக்கிறார்கள்?

நல்ல பயிற்சியாளர்களும் வாராவாரம் போட்டிகளும் அங்கேதான் என்பது ஒரு காரணம். அனுஷ் 17 வயதில் ஜெர்மனிக்குப் போய், 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் அணித் தங்கம் வென்ற ஹூபெர்ட்டஸ் ஷ்மித்திடம் சேர்ந்தார். பெங்களூரின் ஃபவாத் மிர்சா பயின்றது 2012 லண்டன் ஒலிம்பிக்கில் ஈவென்டிங் அணித் தங்கம் வென்ற சாண்ட்ரா ஆஃபார்த்திடம்.

இரண்டாவது காரணம் வெளியில் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. வீரர் பாஸ்போர்ட்டும் விசாவும் எடுத்துக்கொண்டு விமானம் ஏறலாம். குதிரை அப்படிப் போக முடியாது. கிளாண்டர்ஸ் போன்ற நோய்கள் காரணமாக, இந்தியாவிலிருந்து குதிரைகளை வெளிநாட்டுப் போட்டிக்குக் கொண்டுபோவது பல காலமாக ஏறத்தாழ மூடிய கதவாகவே இருந்தது. ஹாங்சோவுக்கும் குதிரைகள் ஐரோப்பாவிலிருந்து, ஜெர்மனியில் தனிமைப்படுத்தலை முடித்துக்கொண்டுதான் பறந்தன. 2025 ஜூலையில் மீரட் ராணுவ கால்நடை மையத்தில் அமைந்த நோயற்ற குதிரை வளாகத்துக்கு உலக விலங்கு சுகாதார அமைப்பின் அங்கீகாரம் கிடைத்திருக்கிறது. நாட்டிலேயே முதலாவது. வருங்காலத்தில் இங்கே வளர்த்துப் பயிற்சி கொடுத்த குதிரை இங்கிருந்தே கிளம்பிப் போகக்கூடும்.

அதுவரைக்கும், 17, 18 வயதில் வீட்டை விட்டுப் போய், மொழி தெரியாத ஊரில், உறைபனிக் காலையில் லாயம் கூட்டுவதில்தான் ஓர் இந்திய டிரெசாஜ் வீரரின் வாழ்க்கை தொடங்குகிறது.

ஒலிம்பிக் இடத்தை வாங்கிக் கொடுத்த குதிரை வேறு, ஒலிம்பிக்கில் ஓடிய குதிரை வேறு என்கிறார்களே, உண்மையா?

உண்மை. இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் நீளமாகப் பதில் சொல்ல ஆசைப்படுகிறேன்.

ஃபவாத் மிர்சா 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் சென்யூர் மெடிகாட் என்ற குதிரையில் ஈவென்டிங் தனிநபர் வெள்ளி வென்றார். 1982க்குப் பிறகு குதிரையேற்றத்தில் இந்தியாவுக்கு வந்த முதல் தனிநபர் பதக்கம் அதுதான். ராகேஷ் குமார், ஆஷிஷ் மாலிக், ஜிதேந்தர் சிங் ஆகியோருடன் சேர்ந்து அணி வெள்ளியும் கிடைத்தது. அதற்குப் பிறகு மெடிகாட்டுக்குக் காயம். நீண்ட காலம் போட்டிக்கே வரவில்லை.

டோக்கியோ ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற தரவரிசைப் புள்ளிகள் வேண்டும். மெடிகாட் குணமாகிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில் ஃபவாத்துக்குப் புள்ளிகளைச் சேர்த்துக் கொடுத்தவை ஃபெர்ன்ஹில் ஃபேஸ்டைம், டச்சிங்வுட் என்ற வேறு இரண்டு குதிரைகள். சிட்னி 2000இல் இம்தியாஸ் அனீஸ் போன பிறகு ஓர் இந்தியர் ஒலிம்பிக் குதிரையேற்றத்துக்குப் போனது அந்தப் புள்ளிகளால்தான். கடைசிக் கட்டத்தில் டஜாரா என்ற இன்னொரு குதிரையும் பரிசீலனையில் இருந்தது. கடைசியில் மெடிகாட்டே போனது.

டோக்கியோவில் டிரெசாஜில் 28.00 அபராதப் புள்ளி. இதில் குறைவாக வாங்கினால் நல்லது. கிராஸ் கன்ட்ரியில் நேரம் தாண்டியதற்காக 11.20. முதல் ஜம்பிங் சுற்றில் 8. மேலே உள்ள 25 பேரில் ஒருவராக இறுதிச் சுற்றுக்குப் போய், அதில் 12.40. மொத்தம் 59.60, 23ஆம் இடம்.

அனுஷ் கதையும் கிட்டத்தட்ட இப்படித்தான். 2023இல் ஐரோப்பாவில் நடந்த நான்கு போட்டிகளில் எட்ரோவுடன் வரிசையாக 72 சதவீதத்துக்கு மேல் எடுத்து, பாரிஸ் ஒலிம்பிக் டிரெசாஜில் இந்தியாவுக்கு முதன்முதலாக ஓர் இடம் வாங்கினார். பாரிஸில் அவர் ஓட்டியதோ சர் காரமெல்லோ ஓல்ட் என்ற குதிரை. 66.444 எடுத்தார், அடுத்த சுற்றுக்குப் போகவில்லை.

ஃபேஸ்டைமும் டச்சிங்வுட்டும் டோக்கியோவைப் பார்க்கவில்லை. எட்ரோ பாரிஸைப் பார்க்கவில்லை. குதிரைகளுக்கு இதில் வருத்தம் இருந்திருக்காது. ஆனால் நம் செய்திகளில் அவற்றின் பெயர்கள் இடம்பெறாமல் போனது எனக்கு உறுத்துகிறது. கிரிக்கெட்டில் தகுதிச் சுற்றில் சதம் அடித்தவரை நாம் இப்படி மறந்துவிடுவோமா? பதக்கப் பட்டியலை எழுதுபவர்கள் வீரரின் பெயருக்குப் பக்கத்தில் குதிரையின் பெயரையும் எழுத வேண்டும். சர்வதேச முடிவுப் பட்டியல்களில் அப்படித்தான் போடுகிறார்கள்.

குரூம் என்பவர் யார்? அவருக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம்?

நம் ஊர் லாயங்களில் சைஸ் என்றும் குதிரைக்காரர் என்றும் சொல்வோமே, அவர்தான். வீரர் குதிரையோடு இருப்பது ஒரு நாளில் ஓரிரு மணி நேரம். மற்ற நேரமெல்லாம் குதிரை குரூமின் பொறுப்பு.

விடியும் முன் தீவனம். குதிரையின் இரைப்பை சிறியது. கொஞ்சம் கொஞ்சமாகப் பல தடவை சாப்பிட வேண்டும். அதற்கு வாந்தி எடுக்க முடியாது. ஆகவே தின்றது ஒத்துக்கொள்ளாவிட்டால் வயிற்று உபாதை உயிருக்கே ஆபத்தாக முடியும். தீவனத் தொட்டியில் மிச்சம் இருக்கிறதா, சாணம் வழக்கம்போல் இருக்கிறதா என்று குரூம் தினமும் பார்ப்பது இதற்காகத்தான். அப்புறம் நான்கு கால்களையும் மேலிருந்து கீழாகக் கையால் தடவிப் பார்ப்பார். எங்காவது சூடு தெரிந்தால், லேசான வீக்கம் இருந்தால், அன்று பயிற்சி இல்லை. வீரரின் கண்ணுக்குத் தெரியாத காயத்தை அவர் கை முதலில் கண்டுபிடிக்கும். குளம்பு சுத்தம் செய்வது, தேய்த்து விடுவது, சேணம் பூட்டுவது, சவாரி முடிந்ததும் காலுக்குக் குளிர்ந்த நீர் விடுவது, போட்டி நாளில் பிடரி மயிரைப் பின்னி முடிவது, இரவு ஒரு தடவை வந்து எட்டிப் பார்ப்பது என்று நாள் முழுக்க வேலை இருக்கும்.

விமானத்திலும் குரூம் கூடவே போவார். புது ஊர்த் தண்ணீரின் மணம் பிடிக்காமல் குடிக்க மறுக்கும் குதிரைகள் உண்டு. தண்ணீரில் கொஞ்சம் ஆப்பிள் சாறு கலந்து குடிக்க வைப்பார்கள். தடை செய்யப்பட்ட மருந்து எதுவும் குதிரையின் உடம்பில் சேராமல் காப்பதும் அவர் கவலைதான். 2008 பீஜிங் ஒலிம்பிக்கில் மிளகாயின் காரப் பொருளான கேப்சைசின் சில ஜம்பிங் குதிரைகளிடம் கண்டறியப்பட்டது. அதனால் நார்வே அணி தன் வெண்கலத்தையே இழந்தது.

நன்றியைப் பற்றிப் பேசும்போது எனக்கு முதலில் நினைவுக்கு வருவது பிரிட்டனின் நிக் ஸ்கெல்டன். 2000இல் குதிரையிலிருந்து விழுந்து கழுத்தெலும்பு முறிந்தது. ஓய்வு அறிவித்தார், பிறகு திரும்பி வந்தார். பிக் ஸ்டார் என்ற குதிரையோடு லண்டன் 2012இல் அணித் தங்கம் வென்றார். இடையில் பிக் ஸ்டாருக்கும் காயம். அதைத் தேற்றிக் கொண்டுவந்து, ரியோ 2016இல் தன் 58ஆவது வயதில் தனிநபர் தங்கம். இத்தனை ஏற்ற இறக்கத்திலும் அவருடைய லாயத்தைப் பார்த்துக்கொண்டவர் மார்க் பீவர் என்ற ஒரே குரூம், 30 ஆண்டுகளுக்கும் மேலாக. பிக் ஸ்டார் திரும்பவும் ஓடியதில் பாதிப் பங்கு அவருடையது என்று நான் தயங்காமல் சொல்வேன்.

சர்வதேச குதிரையேற்றக் கூட்டமைப்பு தன் வருடாந்தர விருதுகளில் சிறந்த குரூமுக்கும் ஒரு விருது வைத்திருக்கிறது. நம் ஊரில் அப்படி ஒன்று பெரிய அளவில் வரவேண்டும் என்பது என் ஆசை. தலைமுறை தலைமுறையாக இதே வேலை செய்யும் குடும்பங்கள் நம் லாயங்களில் இருக்கின்றன.

இதற்கெல்லாம் பணம் எங்கிருந்து வருகிறது?

பெரும்பாலும் குடும்பத்திடமிருந்து. இல்லையென்றால் குதிரையை வாங்கித் தரும் உரிமையாளரிடமிருந்து. மேல்மட்டப் போட்டிகளில் வீரர் ஓட்டும் குதிரை அவருக்கே சொந்தமாக இருக்க வேண்டும் என்பதில்லை. ஃபவாத்தின் குதிரைகளை வாங்கிக் கொடுத்தது பெங்களூரின் எம்பசி குழுமம். குதிரை விலை ஒரு தடவை கட்டுவது. லாய வாடகை, தீவனம், ஆறிலிருந்து எட்டு வாரத்துக்கு ஒரு தடவை லாடம், கால்நடை மருத்துவர், போட்டிக்குப் போய்வரும் வண்டி, இவை மாதாமாதம். இந்த விளையாட்டு வசதி உள்ளவர்களுடையது என்ற விமர்சனம் சரிதான். அதை மறுத்து எழுத எனக்கு மனம் வரவில்லை.

பதக்கம் வென்றது குதிரைக்குத் தெரியுமா? அதற்கு எப்படி நன்றி சொல்வது?

பதக்கம் என்றால் என்னவென்று அதற்குத் தெரியாது. ஆனால் மேலே இருப்பவரின் உடம்பு தளர்ந்ததும், மூச்சு மாறியதும், குரல் மென்மையானதும் அதற்கு உடனே தெரியும். டிரெசாஜ் முடிந்து கடைசி வணக்கம் வைத்ததும் வீரர் கடிவாள வாரை நீளமாக விட்டு, கழுத்தைத் தட்டிக் கொடுப்பதைப் பார்த்திருப்பீர்கள். வேலை முடிந்தது, நன்றாகச் செய்தாய் என்று குதிரைக்குப் புரியும் மொழி அது.

கேமராவுக்கு முன்னால் கட்டிப்பிடிப்பது எளிது. மெய்யான நன்றி தெரிவது தோற்ற நாளில். தடை விழுந்து பதக்கம் போன பிறகு, வாயை இழுக்காமல், குதிகாலால் குத்தாமல், வழக்கம்போல் தட்டிக் கொடுத்துக் கூட்டி வருபவரைப் பார்த்தால் அவர் குதிரைக்கு என்ன கொடுக்கிறார் என்பது விளங்கிவிடும். கால் சரியில்லை என்றதும் நான்கு வருடம் காத்திருந்த போட்டியிலிருந்து விலகுவதும் அதே நன்றிதான். அப்புறம் புல்வெளி, மற்ற குதிரைகளின் துணை, சேணம் ஏறாத நாட்கள். கடைசியாக, ஓடிய காலம் முடிந்தபின் சாகும் வரை பராமரிப்பு. குதிரை 25, 30 வயது வரை வாழும். போட்டியை விட்ட பிறகும் பத்து வருடத்துக்கு மேல் அதற்குத் தீவனம் போட வேண்டும். பிக் ஸ்டாரும் ஸ்கெல்டனும் 2017 மே மாதம் வின்ட்சரில் ஒன்றாகவே விடைபெற்றார்கள்.

சரி, இது குதிரையைத் துன்புறுத்துவது ஆகாதா?

ஆகக்கூடும். இந்த விளையாட்டை நேசிப்பவர்கள்தான் இதை முதலில் ஒத்துக்கொள்ள வேண்டும்.

டோக்கியோவில், சவாரியும் சேர்த்து ஐந்து விளையாட்டுகள் அடங்கிய மாடர்ன் பென்டத்லான் போட்டியில் நடந்தது பலருக்கு நினைவிருக்கும். அதில் வீரருக்குச் சீட்டுக் குலுக்கலில் முன்பின் தெரியாத ஒரு குதிரை கிடைக்கும்; பழக 20 நிமிடம். முன்னிலையில் இருந்த ஜெர்மானிய வீராங்கனைக்குக் கிடைத்த செயின்ட் பாய் என்ற குதிரை தாண்ட மறுத்தது. அவர் அழுதுகொண்டே அடித்தார். பயிற்சியாளர் குதிரையை முஷ்டியால் குத்தியது படமாகி, அவர் வெளியேற்றப்பட்டார். பாரிஸ் 2024க்குப் பிறகு பென்டத்லானிலிருந்து சவாரியையே எடுத்துவிட்டார்கள். என் பார்வையில் அது சரியான முடிவு. 20 நிமிடத்தில் ஒரு குதிரையிடம் எதையும் கேட்கும் உரிமை யாருக்கும் வந்துவிடாது.

நெடுநாள் பழக்கமும் தானாகக் காப்பாற்றிவிடாது. ஒலிம்பிக் டிரெசாஜில் மூன்று தங்கம் வென்ற ஷார்லட் டுஜார்டின், பயிற்சியின்போது ஒரு குதிரையின் கால்களில் திரும்பத் திரும்பச் சாட்டையால் அடித்த பழைய வீடியோ வெளிவந்து, 2024இல் பாரிஸ் ஒலிம்பிக்கிலிருந்து விலகினார். ஓராண்டு தடையும் வந்தது. உச்சத்தில் இருப்பவரிடமே இது நடந்திருக்கிறது என்றால், பொது இடத்தில் நடக்கும் சோதனை மட்டும் போதாது. லாயத்துக்குள் நடப்பதையும் யாராவது பார்க்க வேண்டும். இப்போது பெரிய போட்டிகளில் குதிரை ஓடும் முன் மருத்துவர் முன்னிலையில் அதை நடத்தியும் ஓட்டியும் காட்ட வேண்டும். நொண்டினால் ஆட்டம் முடிந்தது. வாயிலோ விலாவிலோ ரத்தம் தெரிந்தால் டிரெசாஜில் போட்டியிலிருந்தே நீக்கம். விதிகள் இன்னும் இறுக வேண்டும்.

ஆண், பெண் தனித்தனியாகப் போட்டி இல்லையா?

இல்லை. ஒலிம்பிக்கில் எல்லா நிலையிலும் ஆணும் பெண்ணும் ஒரே களத்தில் மோதும் விளையாட்டு இது. ஹாங்சோ அணியிலேயே இரண்டு ஆண்கள், இரண்டு பெண்கள். பெண்களை முதன்முதலாக அனுமதித்தது 1952 ஹெல்சிங்கியில், அதுவும் டிரெசாஜில் மட்டும். அந்த முதல் தடவையே டென்மார்க்கின் லிஸ் ஹார்டல் வெள்ளி வென்றார். 1944இல் போலியோ தாக்கி, முழங்காலுக்குக் கீழே கால்கள் செயலிழந்தவர். குதிரையில் ஏறவும் இறங்கவும் அவருக்கு ஆள் துணை வேண்டும். ஜூபிலி என்ற குதிரை அவருடைய இடுப்பின் அசைவை மட்டும் கேட்டு ஓடப் பழகியிருந்தது. 1956இலும் அவருக்கு வெள்ளி.

என் பிள்ளைக்கு ஆசை வந்துவிட்டது. எங்கே தொடங்குவது?

பக்கத்தில் உள்ள ஒரு சவாரிப் பள்ளியில், பள்ளிக்குச் சொந்தமான குதிரையில். குதிரை வாங்கும் பேச்சே இப்போது வேண்டாம். தமிழ்நாட்டில் ஆரோவில்லில் ரெட் எர்த் ரைடிங் ஸ்கூல் இருக்கிறது. பெங்களூர்ப் பக்கம் எம்பசி சவாரிப் பள்ளி இருக்கிறது. வேறு எங்கே சேர்த்தாலும் முதல் நாள் ஒன்றைக் கவனியுங்கள். பிள்ளையை நேராகத் தூக்கிச் சேணத்தில் உட்கார வைக்கிறார்களா, இல்லை முதலில் குதிரைக்குப் பக்கத்தில் எப்படி நிற்பது, எப்படித் தேய்த்துவிடுவது, குளம்பில் ஒட்டியதை எப்படி எடுப்பது என்று சொல்லிக் கொடுக்கிறார்களா? இரண்டாவது வகைப் பள்ளியில் சேருங்கள். குதிரைகளின் விலா எலும்பு தெரிகிறதா, முதுகில் சேணப் புண் இருக்கிறதா, தண்ணீர் சுத்தமாக இருக்கிறதா என்றும் பாருங்கள். ஹெல்மெட் இல்லாமல் ஏற விட்டால் உடனே கூட்டி வந்துவிடுங்கள். அங்கே குதிரைகளைப் பார்த்துக்கொள்பவரின் பெயரைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, தினமும் அவருக்கு வணக்கம் சொல்லிவிட்டு உள்ளே போகப் பிள்ளையைப் பழக்குங்கள்.